கொதிக்காத தண்ணீரில் வேகும் கோழி: சிங்கப்பூர் சிக்கன் ரைஸ், முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன முதல் வாரம், உணவங்காடி ஒன்றில் வரிசையில் நின்று சிக்கன் ரைஸ் வாங்கினேன். தட்டைப் பார்த்ததும் மனசு சுருங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்று கோழி. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, தோல் வேறு வழவழவென்று அப்படியே இருக்கிறது. காய்ச்சல்காரனுக்குப் போட்டது போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே சோற்றை ஒரு வாய் வைத்தேன். அன்றைக்கு இன்னொரு தட்டுச் சோறு தனியாக வாங்கிச் சாப்பிட்டேன்.

என்னைக் கேட்டால் இந்தத் தட்டில் சோறுதான் ராஜா, கோழி மந்திரி. கோழியின் கொழுப்பில் வறுபட்டு, கோழி வெந்த தண்ணீரிலேயே வெந்த சோறு அது. ஆனால் அந்தச் சோறு சரியாக வரவேண்டுமானால் கோழி சரியாக வெந்திருக்க வேண்டும். அங்கேதான் நம் கை வழுக்கும்.

நான் முதல் தடவை வீட்டில் செய்தபோது, ரசத்துக்கு எலும்பு வேகவைப்பதுபோல் தளதளவென்று கொதிக்கவிட்டேன். அரை மணி நேரத்தில் தோல் கிழிந்தது, கால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டது, நெஞ்சுக்கறி தேங்காய் நார் மாதிரி ஆனது. எதிர்வீட்டு ஆன்ட்டி சீனாவின் ஹைனான் தீவு வம்சம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், சட்டியைக் காட்டி இரண்டே சொல் சொன்னார்: "நோ போயில்." அந்த இரண்டு சொல்லின் விரிவுரைதான் இனி வருவது.

எங்கிருந்து வந்தது

சீனாவின் தென்கோடியில் உள்ள தீவு ஹைனான். அதன் வென்சாங் பகுதிக் கோழிக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தக் கோழியை வெறும் நீரில் பதமாக வேகவைத்து, கொழுப்பில் வதக்கிய சோற்றோடு சாப்பிடும் பழக்கத்தை அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் எடுத்து வந்தார்கள். சிங்கப்பூருக்கு ஹொக்கியன், தியோச்சியூ ஆகிய மற்ற சீனப் பிரிவினரைவிட ஹைனான்காரர்கள் பிந்தித்தான் வந்தார்கள். வியாபாரங்களை மற்றவர்கள் முன்பே பிடித்துவிட்டதால், பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களானார்கள். பிறகு காப்பிக்கடை வைத்தார்கள். மிடில் ரோடு, பர்விஸ் ஸ்ட்ரீட், சியா ஸ்ட்ரீட் வட்டாரம்தான் அவர்களுடைய பேட்டை. அந்த மிடில் ரோட்டில் மோக் ஃபூ ஸ்வீ நடத்திய 'ஸ்வீ கீ' கடைதான் இந்தச் சாப்பாட்டை ஊரறியச் செய்தது. 1997-இல் மூடிவிட்டார்கள்.

இது ஒரே ஊரோடு நிற்கவில்லை. மலாக்காவிலும் மூவாரிலும் சோற்றைச் சூட்டோடு உருட்டி, பந்து பந்தாகத் தருவார்கள். தாய்லாந்தில் இதற்கு 'காவ் மன் காய்' என்று பெயர். 'கொழுப்புச் சோறும் கோழியும்' என்று அர்த்தம், உள்ளதைச் சொல்கிற பெயர். அங்கே புளித்த சோயா மொச்சையும் இஞ்சியும் சேர்ந்த சாஸ் தொட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் பேச்சில் இது வெறும் 'சிக்கன் ரைஸ்'தான். ஹலால் கடைகளில் அவித்ததைவிடப் பொரித்ததையும் வாட்டியதையும் அதிகம் பார்க்கலாம். நாம் செய்யப்போவது அவித்தது.

கோழிக்கடையில்

தமிழ்நாட்டில் இதைச் செய்பவருக்கு முதல் தடை கோழிக்கடைதான். நாம் வாயைத் திறப்பதற்குள் தோலை உரித்துவிடுவார்கள். தோல் போனால் இந்தச் சமையலே போச்சு. "அண்ணே, தோல் வேணும், இறகை மட்டும் எடுங்க, வெட்டாம முழுசா குடுங்க" என்று எடை போடும்போதே சொல்லுங்கள். தீயில் வாட்டவும் மஞ்சள் பூசவும் வேண்டாம். நாட்டுக்கோழிக் குழம்புக்கு அந்தப் புகை வாசனை அழகு. இங்கே சோறு வரைக்கும் அதே வாசனை ஏறிவிடும்.

சுத்தம் செய்தபின் ஒன்றரைக் கிலோ வரும் கறிக்கோழி போதும், நாலு பேர் சாப்பிடலாம். கழுத்தையும் கால்களையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கொழுப்பு. வயிற்றுக்குள், வால் பக்கம் மஞ்சளாக இரண்டு கட்டி இருக்கும். அதை எறியாமல் தரச் சொல்லுங்கள். மற்ற கோழிகளில் எடுத்துக் கிடக்கும் கொழுப்பையும் ஒரு கைப்பிடி கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நாட்டுக்கோழியில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முற்றிய கோழி வேண்டாம். இந்தச் சூட்டில் அது கடைசிவரை மசியாது. முதல் முட்டை வைக்காத விடைக்கோழி கிடைத்தால் விடாதீர்கள், வென்சாங் கோழியும் கிட்டத்தட்ட அந்தப் பக்குவம்தான். உறைந்த கோழி ஆகவே ஆகாதா? ஆகும், ஆனால் மசாலா மறைக்காத சமையல் என்பதால் நாக்கு கண்டுபிடித்துவிடும். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சிங்கப்பூரின் சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் அவ்வளவு கவலைப்பட்டதற்கு அதுதான் காரணம்.

மற்ற சாமான்கள்

அரிசிக்கு 'ஜாஸ்மின் ரைஸ்' என்று விற்கும் தாய்லாந்து வாசனை அரிசிதான் முறை. கிடைக்காவிட்டால் பொன்னி பச்சரிசி நன்றாகவே வருகிறது. பாசுமதி எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சோறு ஒன்றோடொன்று லேசாக ஒட்டவேண்டும், பாசுமதி விறைத்துக்கொண்டு நிற்கும். புழுங்கலரிசி கூடவே கூடாது.

பாண்டான் இலை மூன்று. இலங்கையில் இதை ரம்பை என்பார்கள், நம் தாழையின் இனம். தொட்டியில் ஒரு கன்று வைத்தால் பிறகு வாங்கவே வேண்டாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பிரியாணி இலையைப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அது வேறு வாசனை.

எள் எண்ணெய் என்றதும் வீட்டு நல்லெண்ணெயை எடுத்துவிடாதீர்கள். சீனச் சமையலில் வருவது வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த எண்ணெய். இரண்டு சொட்டு விட்டாலே மணக்கும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது; இட்லிப்பொடிக்கு அது தெய்வம், இங்கே பொருந்தாது.

இவை போக இஞ்சி ஒரு பெரிய துண்டு, பூண்டு இரண்டு முழு, வெங்காயத்தாள் ஒரு கட்டு, பழுத்த சிவப்பு மிளகாய் பத்து, எலுமிச்சை இரண்டு, சோயா சாஸ், வெள்ளரிக்காய், கல்லுப்பு, சர்க்கரை. ஐஸ் கட்டி நிறைய வேண்டும். முதல் நாளே குடிக்கிற தண்ணீரில் உறையவைத்துக்கொள்ளுங்கள். மீன் கடைக்குப் போகும் ஐஸ் வேண்டாம், வெந்த கோழி அதில்தான் குளிக்கப்போகிறது.

முதலில் சாறு

ஒரு கோழியை மட்டும் நாலு லிட்டர் தண்ணீரில் போட்டால் சாறு நீர்த்துப்போகும். கடைக்காரர்கள் ஒரே அண்டாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோழிகளை வேகவைப்பதால் அவர்கள் சாறு கெட்டியாக இருக்கிறது. வீட்டில் அதற்கு ஒரு குறுக்குவழி: கழுத்து, கால், கிடைத்தால் அரைக் கிலோ எலும்பு, இவற்றை நாலரை லிட்டர் தண்ணீரில் இஞ்சி ஆறு வில்லை, தட்டிய பூண்டு ஐந்து பல், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இது கொதிக்கலாம், தப்பில்லை. மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு எலும்புகளை வடித்து, இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள்.

இந்த நேரத்தில் கோழியைத் தயார் செய்யலாம். அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். வால் மேலே சின்னதாக ஒரு கொழுப்புச் சுரப்பி இருக்கும், அதை வெட்டி எறியுங்கள். கவிச்சி வாடைக்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துத் தோல் முழுக்கத் தேயுங்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல இதமாக, ஆனால் ஒரு இடம் விடாமல். அழுக்கும் மெல்லிய மேல்தோலும் வந்துவிடும், தோல் வழவழப்பாகும். பிறகு குழாய்க்கு அடியில் பிடிக்காமல், அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி அலசுங்கள். குழாயடியில் அலசினால் பச்சைக்கோழித் தண்ணீர் அடுப்படி முழுக்கத் தெறிக்கும். வயிற்றுக்குள் இஞ்சி நாலு வில்லையும் முடிச்சுப் போட்ட வெங்காயத்தாள் இரண்டும் வையுங்கள்.

மூன்று முக்கு, அப்புறம் பொறுமை

சாறு நன்றாகக் கொதிக்கட்டும். கோழியைக் கழுத்துப் பக்கம் கொக்கி அல்லது உறுதியான இடுக்கியால் பிடித்து, முழுதாக உள்ளே இறக்கிப் பத்து விநாடி வைத்து, வெளியே தூக்குங்கள். வயிற்றுக்குள் புகுந்த தண்ணீர் வடியட்டும். அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமலே தெரியும், கொதித்த சாறு ஆறிப்போய் வெளியே வருகிறது. இப்படி மூன்று தடவை. வெளியே கொதிக்கிற தண்ணீர், உள்ளே குளிர்ந்த தண்ணீர் என்று இருந்தால் தொடை வேகுமுன் நெஞ்சு வெந்து காய்ந்துவிடும். மூன்று முக்கில் உள்ளும் சூடாகிவிடுகிறது, தோலும் இறுகி நிற்கிறது.

மூன்று முக்கும் முடிந்த பிறகு நெஞ்சு கீழே இருக்கும்படி இறக்கிவிடுங்கள். கோழி முழுதாக மூழ்க வேண்டும். சாறு திரும்பக் கொதி வரும் அறிகுறி தெரிந்ததும் தீயை முடிந்தமட்டும் குறையுங்கள். இனிமேல் கொதி என்ற பேச்சே இல்லை. சட்டியின் ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழி மேலே வந்து உடையும். மேல்பரப்பு லேசாக நடுங்கும். அதுதான் பதம். வெப்பமானி இருந்தால் தண்ணீர் 80 முதல் 85 டிகிரி காட்டும். நம் கேஸ் அடுப்பின் சின்ன பர்னரே சிலசமயம் அதிகம். அப்போது அடியில் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் சட்டியை வையுங்கள்.

இவ்வளவு பதைபதைப்பு எதற்கு? கோழிக்கறியின் நார்ப்புரதங்கள் 70 டிகிரியைத் தாண்டத் தாண்ட ஈரத்துணியைப் பிழிவதுபோல் தங்களிடம் உள்ள நீரைப் பிழிந்துவிடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்தால் தொடைக்குள் சூடு போய்ச் சேருவதற்குள் நெஞ்சு எல்லையைக் கடந்திருக்கும். தண்ணீரின் சூடு குறைவாக இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைகிறது, நமக்கு அவகாசம் கிடைக்கிறது. குழம்பில் இந்தப் பிரச்சினை தெரியாது. காய்ந்த கறியையும் குழம்பு காப்பாற்றிவிடும்.

சின்னத் தீயில் 30 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் 15 நிமிடம். இப்போது தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்துங்கள். 75 டிகிரி வரவேண்டும். வரவில்லையா, திரும்பச் சின்னத் தீயில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் கூரான கம்பியால் குத்தி, வரும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. ஆனாலும் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிற வெப்பமானியை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சிங்கப்பூரில் சில பழைய கடைகளில் எலும்போரம் சிவப்பாக இருக்கும். அதுதான் சரியான பதம் என்பவர்களும் உண்டு. நாம் அந்தப் போட்டிக்குப் போகவேண்டாம். கறிக்கோழியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், சூடுதான் அவற்றைக் கொல்லும். அதே சமயம் 75 டிகிரி தாண்டிய பிறகும் எலும்போரம் கொஞ்சம் சிவப்புத் தெரிந்தால் பயப்படவேண்டாம். இளங்கோழியின் எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் கசிந்திருக்கும். நிறத்தை நம்பாமல் வெப்பமானி காட்டும் எண்ணை நம்புங்கள்.

ஐஸ் குளியல்

பெரிய பாத்திரத்தில் பாதி ஐஸ், பாதி குடிதண்ணீர், ஒரு பிடி உப்பு. கோழியைச் சட்டியிலிருந்து கிழியாமல் தூக்கி, வயிற்றுத் தண்ணீரை வடித்து, நேரே அதற்குள் இறக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம். வேகும்போது தோலுக்கு அடியில் இளகிய பசை, இந்தத் திடீர்க் குளிரில் உறைந்து, தோலுக்கும் கறிக்கும் நடுவே ஜெல்லி போலப் படிந்துவிடும். அந்த முதல் தட்டில் நான் முகம் சுளித்த வழவழப்பு அதுதான். இப்போது அது இல்லாவிட்டால் கடைக்காரரை மனசுக்குள் திட்டுகிறேன். ஒன்று நினைவிருக்கட்டும்: ஐஸில் இறங்கியதும் வேகுவது சீக்கிரமே நின்றுவிடும். 'மிச்சம் தானாக வெந்துவிடும்' என்ற கணக்கு இங்கே செல்லாது, 75 பார்த்த பிறகே இறக்குங்கள்.

வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு தேக்கரண்டி வறுத்த எள் எண்ணெயைத் தோலில் தடவி மூடி வையுங்கள்.

சோறு

கோழி வேகும்போதே இரண்டு டம்ளர் அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடிகட்டிவிடுங்கள். ஈரம் சொட்டச் சொட்ட இருந்தால் வறுக்கும்போது அடியில் ஒட்டும்.

கொழுப்பைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றும்போது சடசடவென்று சத்தம் வரும். அது அடங்கி, வாணலியில் தெளிந்த மஞ்சள் நெய் நிற்கும், கட்டிகள் சுருங்கிப் பொன்னிறமாகும். அந்தக் கட்டிகளை எடுத்து உப்புத் தூவி, சமைப்பவரே தின்றுவிடலாம். என் வீட்டில் இதற்குச் சண்டையே நடக்கும். இந்தக் கோழிநெய் மூன்று மேசைக்கரண்டி வேண்டும். குறைந்தால் வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெயால் நிரப்புங்கள்.

அதில் பொடியாக நறுக்கிய பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு மேசைக்கரண்டி. பூண்டு நிறம் மாற ஆரம்பிக்கும்போதே அரிசியைப் போட்டுவிடுங்கள், சிவந்தால் கசக்கும். இரண்டு நிமிடம் புரட்டினால் ஒவ்வொரு மணியும் பளபளக்கும். ரைஸ் குக்கரானால் தாய்லாந்து அரிசி ஒரு டம்ளருக்குச் சாறும் ஒரு டம்ளர், அதற்கு மேல் ஒரு கைப்பிடித் தெளிப்பு. பொன்னி பச்சரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. சாற்றைச் சுவைத்து உப்பைச் சரிபார்த்த பிறகு ஊற்றுங்கள், பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு மேலே வையுங்கள். வெந்த பிறகு பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள மூன்று

மிளகாய்ச் சாஸ் இல்லாமல் இந்தச் சாப்பாடு நிற்காது. பழுத்த சிவப்பு மிளகாய் பத்து, பூண்டு மூன்று பல், இஞ்சி ஒரு துண்டு, உப்பு, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. கொரகொரவென்று அரைத்து, சூடான சாறு நாலு மேசைக்கரண்டியும் எலுமிச்சைச் சாறும் கலக்குங்கள். மேலே மிதக்கும் கொழுப்போடு அள்ளிய சாறாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மி இருந்தால் அதில் அரைத்ததற்கே தனி ருசி. காய்ந்த மிளகாயில் செய்தால் இட்லிச் சட்னிதான் வரும், நான் செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டாவது இஞ்சி. துருவிய இஞ்சி மூன்று மேசைக்கரண்டி, பூண்டு ஒரு பல், உப்பு. அதன்மேல் புகை வரச் சூடாக்கிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியை ஊற்றுங்கள், உஸ் என்று அடங்கும். மூன்றாவது பாகு போன்ற கெட்டிக் கறுப்புச் சோயா சாஸ், பாட்டிலிலிருந்து அப்படியே.

வெட்டி வைப்பது

முதலில் கால்களைத் தொடைப் பொருத்தில் பிரியுங்கள், பிறகு இறக்கைகள். நெஞ்சை நடு எலும்போரமாகக் கத்தி விட்டு இரண்டு பாளமாக எடுத்து, தோல் நழுவாமல் குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். கடைக்காரர்கள் கனத்த வெட்டுக்கத்தியால் எலும்போடு நறுக்குவார்கள். பழக்கமில்லாமல் அதைச் செய்தால் எலும்புச் சில்லு தொண்டையில் மாட்டும், எலும்பை நீக்கிவிடுவதே மேல். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி தோலை இழுத்துக்கொண்டு போய்விடும், இவ்வளவு பாடும் வீண்.

வெள்ளரி வில்லைகளைப் பரப்பி அதன்மேல் கோழியை அடுக்குங்கள். சாதாரண சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, சாறு மூன்று மேசைக்கரண்டி, வறுத்த எள் எண்ணெய் ஒரு தேக்கரண்டி கலந்து மேலே ஊற்றுங்கள். கோழி ஆறித்தான் இருக்கும், சோறு ஆவி பறக்க இருக்கும், அப்படித்தான் இருக்கவேண்டும். சூடு பண்ணித் தருகிறேன் என்று மைக்ரோவேவில் வைத்து என் மைத்துனர் ஒருமுறை ஜெல்லியை எல்லாம் உருக்கிவிட்டார்.

மிஞ்சிய சாற்றில் முட்டைகோஸ் கொஞ்சம் போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளை மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் தூவிக் கிண்ணத்தில் வையுங்கள். கோழி மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சாற்றையும் ஆறவைத்து உள்ளே வைத்தால் காலையில் கட்டியாக உறைந்திருக்கும், மேலே கொழுப்பு தனி ஏடாகப் படிந்திருக்கும். அந்த ஏட்டை எடுத்து அடுத்த தடவைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பதில் நான் மிளகு ரசம் வைத்துவிடுவேன்.